வெளியே நிற்பது யார் பிள்ளை?

மழலையர் பள்ளியின் கடைசி ஓராண்டுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று சீன அரசு அறிவித்து, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் இந்த இலவசம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஒரு காலத்தில் சீன நகரங்களில் அரசு ஆலைகளும் அலுவலகங்களும் தங்கள் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தாங்களே மழலையர் பள்ளி நடத்தின. 1990களில் அரசு நிறுவனங்களைச் சீரமைத்தபோது அவற்றில் பல மூடப்பட்டன. அந்த இடத்தைத் தனியார் பிடித்தார்கள். 2010இல் மூன்றில் இரண்டு மழலையர் பள்ளிகள் தனியாருடையவை. கட்டணம் குறைந்த, தரமான அரசுப் பள்ளியில் இடம் பிடிக்க, வசதியுள்ள குடும்பங்கள் நன்கொடை கொடுத்தன; செல்வாக்கைக் காட்டின.

காசும் செல்வாக்கும் மட்டுமல்ல, பிறப்பும் அங்கே குறுக்கே நிற்கிறது. 1958இல் சட்டமான 'ஹுகோவ்' என்னும் குடும்பப் பதிவு முறை, ஒருவர் எந்த ஊர் என்று முத்திரை குத்துகிறது; முன்பு கிராமமா நகரமா என்றும் பிரித்தது. 1998 வரை குழந்தைக்குத் தாயின் பதிவுதான். கிராமத்துப் பதிவுள்ள தாய்க்குப் பெய்ஜிங்கில் பிறந்த பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையே! பெருநகர அரசுப் பள்ளிகள் உள்ளூர்ப் பதிவும் சொந்த வீடும் உள்ளவர்களுக்கே முன்னுரிமை தந்துவந்தன. அந்த நகரங்களைக் கட்டிய, கூட்டிப் பெருக்கிய தொழிலாளர்களோ பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டார்கள். அல்லது நகரத்து ஓரத்தில், அனுமதியில்லாமல் நெருக்கடியான அறைகளில் நடக்கும் மலிவான பள்ளிகளில் சேர்த்தார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2010இல் 56.6 சதவீதமாக இருந்த மழலையர் சேர்க்கை 2023இல் 91.1 சதவீதமானது. 2018இல் மழலையர் பள்ளிகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகத் தடை வந்தது. கட்டணத்துக்கு வரம்புள்ள பள்ளிகள் பெருகின. இது பெரிய சாதனை.

ஆனால் புதிய சலுகையைப் பாருங்கள். அரசுப் பள்ளிக்கும், கல்வித் துறை அனுமதி பெற்ற தனியார் பள்ளிக்கும்தான் அது பொருந்தும். சாப்பாட்டுச் செலவு அதில் சேராது. அனுமதியில்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அதிகம் தேவைப்படுபவருக்கே சலுகை எட்டாமல் போகிறது. இத்தனைக்கும் இப்போது இடப் பற்றாக்குறை என்ற சாக்கும் இல்லை. பிறப்பு குறைந்து, 2021இல் 2,94,800ஆக இருந்த மழலையர் பள்ளிகள் 2024இல் 2,53,300ஆகச் சுருங்கிவிட்டன. பள்ளிகளை மூடுவதற்கு முன், பதிவு கேட்காமல் கதவைத் திறந்துவிடலாமே!

ஹுகோவும் சாதியும் ஒன்றல்ல. ஹுகோவில் தீட்டு இல்லை. படிப்பாலும் வேலையாலும் சிலர் அதை மாற்றிக்கொள்ள முடிகிறது. சாதியை அப்படிக் கழற்றிப் போட முடியாது. ஆனால் பெற்றோரிடமிருந்து வரும் ஓர் அடையாளம் மூன்று வயதுக் குழந்தையின் பள்ளியைத் தீர்மானிக்கிறது என்றால், அந்த வலி நமக்குப் புதிதல்ல. 'உள்ளே வராதே' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழும் முகவரியும் கட்டணமும் அதைச் சொல்லிவிடும்.

மாணவத் தோழர்களே, 91 சதவீதம் என்று எந்த அரசு சொன்னாலும் கைதட்டுங்கள். கையோடு, மீதி 9 சதவீதம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் கேளுங்கள்.