சகோதரிகளின் கையெழுத்து எங்கே?

வளைகுடா வெயிலில் நின்றும், பஜாரில் கடை போட்டும் காசு சேர்த்த நம் சமுதாய இளைஞர் முதன்முதலாக ஒரு வீடு வாங்கப் போகிறார். என்ன செய்கிறார்? வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்கிறார். பள்ளிவாசல் பக்கமா என்று விசாரிக்கிறார். பிறகு, "நம்ம ஆளுதான், தெரிஞ்ச குடும்பம்" என்ற புரோக்கரின் ஒரு சொல்லை நம்பி அச்சாரத்தைக் கொடுத்து விடுகிறார்! நூறு ரூபாய்ச் சரக்குக்கு பில் கேட்கும் வியாபாரிகளே, ஆயுள் சம்பாத்தியத்தை இப்படியா கொடுப்பது?

"வில்லங்கம் போட்டுப் பார்த்தோமே" என்பீர்கள். நல்லது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு அலுவலகத்தில் பதிவானது மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார் என்பது அதில் வருமா? வராது. ஷரீஅத்படி வாய்மொழியாகவே ஹிபா கொடுத்து, வீட்டையும் ஒப்படைத்திருந்தால் அது செல்லும். அதுவும் அதில் வராது.

நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். அத்தா பெயரில் பத்திரம், அத்தா இல்லை, மகன் விற்கிறார். ஒருவர் இறந்த கணமே அவருடைய சொத்தில் வாரிசுகள் அனைவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன், வஸிய்யத் போக மீதியை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கியது 14 பங்கு! பாதி வீடு கூட இல்லை.

"நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அக்கா ஒண்ணும் கேட்க மாட்டா" என்பார்கள். அக்கா கேட்காமல் இருக்கலாம்; அக்கா பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் அது நியாயம்தானே? சகோதரியின் பங்கை விழுங்கியவரிடமிருந்து தெரிந்தே வாங்குகிறவருக்கும் அதில் பொறுப்பு இல்லையா?

ஆகவே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது முன்கூட்டியே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால் இன்னும் எச்சரிக்கை! தாய் கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நம் தனியார் சட்டப்படி பிள்ளையின் அசையாச் சொத்துக்குத் தாய் கார்டியன் அல்ல என்று 1918லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கு உங்களுக்கு வராது.

வாரிசு ஒருவர் வெளிநாட்டிலா? அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் வேண்டும். அது இங்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று போன் போட்டுக் கேளுங்கள். அவர் இறந்தால் பவரும் முடிந்தது. பவரையே கிரயம் என்று நம்பி வாங்குவதும் வேண்டாம். அதனால் உரிமை மாறாது என்று 2011ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மற்றவை நேரான வேலைதான். மூலப்பத்திரத்தின் அசலைப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எந்த வங்கியில் அடகு என்று கேளுங்கள். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் யார் பெயரில் என்று பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 முதல் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு அச்சாரம் தராதீர்கள். செலவையும் முன்பே கணக்கில் வையுங்கள்: 2023 முதல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் வீட்டுக்கு இதுவே 2 லட்சத்து 70 ஆயிரம். இதை மறந்துவிட்டுப் பத்திர நாளன்று கடன் தேடி ஓடுபவர்கள் எத்தனை பேர்!

வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம், உங்கள் வக்கீலிடம் போங்கள். பத்திரக் கட்டோடு அந்தக் குடும்பத்தின் ஆண், பெண் அனைவர் பெயரையும் எழுதிக் கொண்டு போங்கள்.