தராசைத் தொழுவதா, தராசில் நிறுப்பதா?

தேரிழுப்பவன் தேரில் வீற்றிருக்கும் தெய்வத்தை நோக்கி வினா எழுப்புவதில்லை. வடத்தைப் பற்றி இழுப்பதே தன் கடன் என்று அமைந்துவிடுகிறான். மலேசியத் தமிழரில் மரபு பேணும் வாக்காளர் நெடுங்காலம் அவ்வாறே வடம்பிடித்து வந்தனர். தேசிய முன்னணியின் சின்னம் தராசு. கேமரன் மலையில், கியா பார்ம் சந்தையை ஒட்டிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் பாதையில் வாழ்ந்த பழைய தோட்டக் குடும்பங்களுக்குத் தராசுக்கு வாக்களிப்பது அரசியலாக இருந்ததைவிடக் குலவழக்காகவே இருந்தது. பாட்டன் இட்ட புள்ளடியைப் பேரனும் இட்டான்.

அந்தக் குலவழக்கு இன்று ஆட்டங்கண்டுவிட்டது. ஆட்டங்கண்ட இடத்தில் இரு குரல்கள் எழுந்துள்ளன. “கொள்கையில் தூய்மை வேண்டும், மாற்றானோடு கை கோப்பவனுக்கு வாக்களிப்பது இழிவு” என்பது ஒரு குரல். “கொள்கை சோறு போடாது; யார் தருகிறாரோ அவருக்கே வாக்கு” என்பது மற்றொரு குரல். முன்னது கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. பின்னது கேட்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. இரண்டுமே சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழிகள் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

முதலில் தூய்மை பேசுவோரைக் காண்போம். மரபு பேணுவோன் எதைப் பேணுகிறான்? தாய்மொழியை, தமிழ்ப்பள்ளியை, கோயிலை, குடியிருக்கும் வீட்டை, பயிர் செய்யும் நிலத்தைப் பேணுகிறான். கட்சி இவற்றைக் காக்க எழுப்பிய வேலி. வேலியைக் காப்பதற்காகப் பயிரை வாடவிடும் உழவன் உண்டா? இருந்தும் நம் அரசியலில் வேலிக்கே நீர் பாய்ச்சுகிறோம்.

வேலி எவ்வாறு எழுந்தது என்பதையும் நினைவுகூர்தல் நன்று. ம.இ.கா. 1946-இல் தோன்றியது. 1951-இல் டத்தோ ஓன் ஜாபார் அம்னோவை விட்டு வெளியேறி, இனவேறுபாடற்ற அரசியலை நாடி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது, ம.இ.கா. அவர் பக்கமே நின்றது. இனங்கடந்த அரசியல் என்னும் தூய கொள்கை அது. 1952-இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் வந்தது. இனவாரியாக அமைந்த அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9 இடங்களை வென்றன. அதன்பின் 1954-இல் ம.இ.கா. அந்தக் கூட்டணியிலேயே சேர்ந்தது. 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51 இடங்களைப் பெற்றது. ஆக, எந்தக் கட்சிக்கு மாறாத விசுவாசம் காட்டுவதே தூய்மை என்று நமக்குப் போதிக்கப்பட்டதோ, அந்தக் கட்சியே காலமறிந்து வழிமாற்றியதால் வளர்ந்த கட்சி! அதைக் குறையாகக் கூறவில்லை. தலைவர்க்கு அறிவுடைமை என்று போற்றப்படுவது தொண்டர்க்கு மட்டும் துரோகம் ஆவது எங்ஙனம்?

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் கணக்கைப் பாருங்கள். 2004 முதல் அது ம.இ.கா.வின் தொகுதியாக இருந்தது. எஸ்.கே. தேவமணி இருமுறை வென்றார். 2013-இல் கட்சித் தலைவராயிருந்த ஜி. பழனிவேலே நின்று, ஜனநாயகச் செயல் கட்சியின் எம். மனோகரனை 462 வாக்குகளில்தான் வென்றார். 2018-இல் ம.இ.கா.வின் வெற்றி வேறுபாடு 597. அதே தேர்தலில் பாஸ் கட்சி தனித்து நின்று 3,587 வாக்குகளைப் பெற்றது. மலேசிய சோசலிசக் கட்சி 680 வாக்குகளைப் பெற்றது. சமய மரபு பேணுவோர் ஒருபுறம், தொழிலாளர் கொள்கை பேணுவோர் மறுபுறம். இருசாராரும் தூய்மையாகவே வாக்களித்தனர். அவ்விரு தொகைகளுள் சிறியதுகூட வெற்றி வேறுபாட்டைவிடப் பெரியது. அவ்வாக்குகள் வீண் என்று கூறமாட்டேன். மனச்சான்றின்படி இட்ட வாக்கு வீணாவதில்லை. ஆனால், தான் விரும்பாத இருவருள் யார் வெல்வார் என்பதைத் தூய்மையாளனும் தீர்மானித்தே தீர்கிறான். கைகழுவிவிட்டேன் என்று அவன் சொல்லுதல் இயலாது.

இதனைப் பாஸ் கட்சியின் தலைமை விரைவில் உணர்ந்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல் நடந்தபோது அக்கட்சி வேட்பாளரை நிறுத்தாமல் தேசிய முன்னணிக்கு ஆதரவளித்தது. தராசுச் சின்னத்தில் நின்ற ரம்லி முகமட் நோர் 3,238 வாக்கு வேறுபாட்டில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் பூர்வகுடியினரானார். ஆண்டுக்கணக்கில் அம்னோவைச் சாடிய கட்சி ஓராண்டுக்குள் அதன் கூட்டணிக்கு வழிவிட்டது. மேலும் கேளுங்கள். 2022 நவம்பர் 19-இல் இதே மலையில் தேசிய முன்னணியும் நம்பிக்கைக் கூட்டணியும் எதிரெதிரே நின்று போரிட்டன. ஒரு வாரம் கழியுமுன் அன்வார் இப்ராகிம் பிரதமரானார். இரு கூட்டணிகளும் மத்தியில் ஒரே அரசில் அமர்ந்தன. பகாங் மாநிலத்திலும் அவ்வாறே கைகோத்தன. கொடி கட்டியவன் அண்டை வீட்டானோடு பேசாதிருந்த காலத்தில், தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்துவிட்டார்கள். தூய்மை என்பது வாக்காளனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட நோன்பு போலும்!

அப்படியானால் நடைமுறை நோக்கே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்குள் அவசரப்பட வேண்டா. நடைமுறை நோக்கு என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டு நம்மிடையே உலவுவது பெரும்பாலும் வேறொரு பொருள். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலையில் கிடைத்த வெற்றியை அதே ஆண்டு நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. காரணம், பூர்வகுடி வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டது என்பது. இடைத்தேர்தல் வந்ததே அதனால்தான். கையில் வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு வாக்களித்தவனை ஏழை என்று மன்னிக்கலாம். நடைமுறை அறிந்தவன் என்று பாராட்டலாகாது. அரிசிப் பையும் ஒருவேளை விருந்தும் தேர்தல் மறுநாளே தீர்ந்துவிடும். வாக்கைப் பெற்றவர் ஐந்தாண்டு இருப்பார். இப்படிப்பட்ட வாணிகத்தைக் கியா பார்ம் சந்தையில் காய்கறி விற்கும் எந்தத் தாயும் ஒப்பமாட்டாள்.

இன்னும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. அதற்குத் தமிழகத்து வரலாறே சான்று. இராஜாஜி மரபு பேணுவோரின் தலைவர். 1959-இல் சுதந்திராக் கட்சியைக் கண்டவர். 1967-இல் காங்கிரசை வீழ்த்தும் பொருட்டுப் பகுத்தறிவு பேசிய தி.மு.க.வோடு கைகோத்தார். கோயிலுக்குச் செல்வோரும் சாதி ஆசாரம் பேணுவோரும் உதயசூரியனுக்கு வாக்களிக்கும் விந்தை நிகழ்ந்தது. பயன் யாது? காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. 1968-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது. பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்துநின்ற இராஜாஜிக்கு அது வெற்றியே. ஆனால் 1937-இல் சேலம் மாவட்டத்தில் அவரே தொடங்கிவைத்த மதுவிலக்கு என்னவாயிற்று? அண்ணா இருந்தவரை அது காக்கப்பட்டது. அவர் 1969-இல் மறைந்தார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதற்குள் இராஜாஜி அணி மாறி, பழைய எதிரியான காமராசரோடு சேர்ந்து அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றிருந்தார். 1972-இல் அவர் கண்மூடியபோது தமிழகத்தில் மதுக்கடைகள் திறந்திருந்தன.

கொள்கையைவிட்டுக் கூட்டுச் சேர்ந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று தூய்மையாளர் இதனைக் காட்டுவர். நான் அவ்வாறு காணவில்லை. மொழிக் கொள்கையைத் தி.மு.க. தன் சொந்தக் கொள்கையாகவே ஏற்றிருந்தது. ஆகவே அது நின்றது. மதுவிலக்கோ ஒரு மனிதரின் நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மனிதரோடு அது போயிற்று. கூட்டு பிழையன்று; எழுதாத கூட்டே பிழை. நல்லவர் என்று நம்பி வாக்களிப்பது அன்பின் அடையாளமாகலாம். அரசியலுக்கு அது போதாது.

இப்படிப்பினையைக் கேமரன் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். இடைத்தேர்தல் நடந்த அதே 2019-இல் குவாலா தெர்லாவில் தமிழ் விவசாயிகளின் காய்கறித் தோட்டங்களைப் பகாங் மாநில அரசு அகற்றியது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் அத்துமீறிப் பயிரிட்டனர் என்றது அரசு. பல்லாண்டுகளாக உழைத்துப் பண்படுத்திய மண் என்றனர் விவசாயிகள். மத்தியிலிருந்த தமிழ் அமைச்சர்கள் பேசினர், பயனில்லை. ஏன்? இந்நாட்டு அரசமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். கல்வி மத்திய அரசின் அதிகாரம். தமிழ்ப்பள்ளியைக் காக்க வேண்டுமாயின் நாடாளுமன்றத்திற்குச் செல்பவரிடம் கேட்க வேண்டும். நிலத்திற்கு உரிமம் வேண்டுமாயின் தானா ராத்தா சட்டமன்றத்திற்குச் செல்பவரிடமும் மாநிலத்தை ஆள வருவோரிடமும் கேட்க வேண்டும். பொதுத்தேர்தல் நாளன்று கேமரன் மலை வாக்காளன் கையில் இரு சீட்டுகள் தரப்பட்டு வந்துள்ளன. இரண்டிலும் ஒரே சின்னத்தைத் தேடிப் புள்ளடியிடுவதே பத்தி என்று பழகியவனுக்கு, எந்தச் சீட்டு எந்தக் கதவைத் திறக்கும் என்பது தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்வதே நடைமுறை நோக்கு. மற்றவை பேரம்.

இடைத்தேர்தலின்போது இத்தொகுதியில் இருந்தவர் ஏறத்தாழ 32,000 வாக்காளர்கள். அவருள் இந்தியர் நூற்றுக்குப் பதினைவர் அளவினர். சிறு கூட்டந்தான், ஆயினும் 462-ஐயும் 597-ஐயும் அதன் அருகில் வைத்து நோக்குங்கள். சிறுபான்மைக்குத் தூய்மை பேசித் தனித்திருக்கும் செல்வம் இல்லை. விலைபோகும் உரிமையும் இல்லை. அதற்கு எஞ்சியிருப்பது ஒரே வழி: நோக்கத்தில் இரும்பாகவும் வழியில் நீராகவும் இருத்தல். வேண்டுவன இவை என முன்கூட்டியே ஊரறிய எழுதுக. நிலத்திற்கு நீண்டகாலக் குத்தகை, மலைத் தமிழ்ப்பள்ளிகளின் நிலைபேறு, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு வீடு என்று மூன்றோ நான்கோ போதும். தனியாளுக்கு எதையும் கேளாது ஊருக்கே கேட்க. எல்லா வேட்பாளரிடமும் ஒரே தாளை நீட்டுக. மறுதேர்தலில் அதே தாளை எடுத்துவைத்துக் கணக்குத் தீர்க்க. செய்தவர் எச்சின்னத்தார் ஆயினும் வாக்களிக்க. செய்யாதவர் எம்மினத்தார் ஆயினும் மறுக்க.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் தனிக்கடமை உண்டு. வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து அதிகாரங்கள் வகுத்தார். அறத்துப்பாலை மட்டும் மேடையில் முழங்கிவிட்டுப் பொருட்பாலைத் தேர்வுக்கு மட்டும் படிப்பது குறளைப் பாதியாக வெட்டுவதாகும். தோட்டத்துப் பெரியவர்க்கு அந்தத் தாளை எழுதிக் கொடுக்க வல்லவர் யார்? எழுத்தறிந்த நீங்களே அல்லவா?

தராசு என்பது தொழுவதற்கு ஏற்பட்ட விக்கிரகம் அன்று. நிறுப்பதற்கு ஏற்பட்ட கருவி. இத்தனை ஆண்டு அதனைத் தாளில் தேடிய நாம், இனி அதனைக் கையில் எடுப்போம்.