குழந்தைகளின் வயிற்றுவலியும் பேயும்

பள்ளிக்கூடம் போகும் வேளையில் குழந்தை வயிறு வலிக்கிறதென்று அழுகிறது; இராத்திரியில் அலறி எழுந்திருக்கிறது. தகப்பன் "பாசாங்கு" என்று அடிக்கிறான். அடியில் தீராவிட்டால் தாய் "காற்றுக் கறுப்பு" என்று தாயத்துக் கட்டுகிறாள். இவ்விரண்டில் எது பெரிய மௌட்டியம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

வைத்திய சாஸ்திரம் சொல்லுவதென்ன? பயமும் துக்கமும் நேரும்போது மூளையிலிருந்து நரம்புகள் வழியாகவும், இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் வழியாகவும் அது குடலுக்கு எட்டிவிடுகிறது. குடல் இழுத்துப் பிடிக்கிறது. வயிற்றில் புண் இல்லை. ஆனால் வலி மெய். அதுபோலவே தேகத்து வியாதியும் மனதைக் கெடுக்கும். காக்காய் வலிப்புக் கண்ட பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட மனச்சோர்வும் பயமும் அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே வலிப்பை அடக்கிவிடும். நாமோ கையில் இரும்பைத் திணித்து, வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கிறோம்!

நிற்க, பெற்றோரை மாத்திரம் வைது பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம் வயிற்றை அமுக்கிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். காய்ச்சல், எடை குறைதல், மலத்தில் இரத்தம் இவை உண்டா என்று பார்ப்பது அவசியந்தான். ஆனால் அவை இல்லையென்றதும், பள்ளியில் யார் அடிக்கிறார், வீட்டில் யார் குடித்துவிட்டு வருகிறார் என்று கேட்பாரில்லை. மந்திரவாதியோ குடும்பக் கதை முழுவதையும் உட்கார்ந்து கேட்கிறான். (காசு வாங்கிக்கொண்டுதான்.) அவன் பிழைப்பு நடப்பது மந்திரத்தினாலல்ல, வைத்தியர் கேட்காமல் விட்ட கேள்வியினாலேயே.

2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மேல் மனநோய் காணப்பட்டது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் வைத்தியம் பெறுவதை உரிமையாக்கி, குழந்தைகளுக்கென்று ஏற்பாடும் வேண்டுமென்கிறது. சட்டம் காகிதத்திலிருக்கிறது, குழந்தை மனநல வைத்தியர் பட்டணத்திலிருக்கிறார், பிள்ளை கிராமத்திலிருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறும் தாயை எத்தனை வாசல்களுக்கு அலைக்கழிப்பது?

2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இலவசமாகக் கிடைக்கிறது, உபயோகித்துக் கொள்ளுங்கள். ஆனால் தொலைபேசி வயிற்றைத் தொட்டுப் பார்க்காது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றைப் பார்க்கும் அதே வைத்தியர், "தூக்கம் வருகிறதா, யாருக்காவது பயப்படுகிறாயா?" என்றும் கேட்கும்படி பழக்கப்படவேண்டும்; குழந்தைகள் மனநோய் அறிந்தவர் ஒருவர் குறித்த கிழமையில் தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். இதற்கு எந்தத் தேதி என்று சர்க்கார் சொல்லட்டும்.