போவிக் கோட்டையும் அப்பாச்சி ஊற்றும்

கல்வி கருதியும் தொழில் கருதியும் அமெரிக்க ஐக்கிய நாடு சென்ற நம் பழைய மாணவருட் சிலரேனும், விடுமுறையில் அந்நாட்டின் தென்மேற்குப் பகுதிக்குச் சென்று பழைய எல்லைப்புறக் கோட்டைகளைக் கண்டிருப்பர். இனிச் செல்வோர்க்கு, அவற்றைக் காணும் முறை பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

கோட்டை என்றதும் மதிலும் அகழியும் நம் மனக்கண்முன் தோன்றும். அரிசோனாவிலுள்ள போவிக் கோட்டையில் அவற்றைத் தேடுதல் வீண். ஒன்றரை மைல் நடந்து சென்றாற் காணக்கிடைப்பன சிதைந்த மண்சுவர்களே. வழியிலுள்ள நீரூற்றையன்றோ முதலில் நோக்கவேண்டும்? வறண்ட அக்கணவாயில் அவ்வூற்றுநீர் யார் கையில் இருப்பது என்பதிலேயே 1862 யூலையில் அப்பாச்சியரும் அமெரிக்கப் படையினரும் பொருதனர். அம்மாதமே கோட்டையும் எழுந்தது.

பகை முந்திய ஆண்டே மூண்டுவிட்டது. சிறுவனொருவனைக் கவர்ந்த பழியைக் கொச்சீஸ் என்னும் தலைவர்மீது சுமத்திய பாஸ்கம் என்னும் இளம் படை அலுவலன், பேச வந்தவரைச் சிறைபிடிக்க முயன்றான். கூடாரத்தைக் கத்தியாற் கிழித்து அவர் தப்பினார். இருபுறத்துப் பிணையாளரும் கொல்லப்பட்டனர். அப்போர் 1872 வரை நீடித்தது.

1886 செத்தெம்பரில் ஜெரோனிமோ சரணடைந்த கதையைப் பலரும் அறிவர். நம் உள்ளத்தை உறுத்துவது அதன் பின் நிகழ்ந்ததே. போரிட்டவர் மாத்திரமல்லர், ஒதுக்கிய நிலத்தில் அமைதியாய் வாழ்ந்த சிரிக்காகுவா அப்பாச்சியரும், அவரைத் தேடிப் படைக்கு வழிகாட்டிய அவ்வினத்து வீரருங்கூடப் புகைவண்டியேற்றிப் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டனர். உதவியவர்க்கு இக்கைம்மாறு! ஜெரோனிமோ 1909 இல் ஒக்லகோமாவிலுள்ள சில் கோட்டையிற் கைதியாகவே இறந்தார். எஞ்சியோர் 1913 வரை போர்க்கைதிகளாகவே இருந்தனர். சிறையிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவருள் அடங்குவர்.

படைவீரனின் தொப்பியையும் துப்பாக்கியையும் காட்டி இவ்வரலாற்றை முடித்துவிடும் காட்சிச்சாலை பாதிக் கதையையே கூறுகின்றது. மறுபாதியை அறிய, வெள்ளைமலை அப்பாச்சியர் நிலத்திலுள்ள அப்பாச்சிக் கோட்டைக்குச் செல்லவேண்டும். 1870 இல் அமைந்த அதனைப் படை 1922 இல் விட்டகன்றது. மறு ஆண்டு அது பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசாங்க விடுதிப் பாடசாலையாயிற்று. பின்னாளில் அரசு தன் பொறுப்பிலிருந்த கட்டடங்களைப் பேணாது சிதையவிட்டதென இழப்பீடு கோரி அம்மக்கள் வழக்காடினர். அங்ஙனம் கோரும் உரிமை அவர்க்கு உண்டென 2003 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தம்மை அடக்க எழுந்த கோட்டையை இடித்தெறிந்திருப்பின் அவரைக் குறைகூற நமக்கு நாவெழாது. அவரோ அதனைக் காத்து, அங்கேயே தம் காட்சிச்சாலையையும் நிறுவியுள்ளனர். அதன் அப்பாச்சிப் பெயர்க்கு ‘நம் அடிச்சுவடுகளின் இல்லம்’ என்பது பொருள். காலம் குறுகியவர் வேறு கோட்டைகளைக் கைவிட்டேனும் இங்கு ஒரு நாள் தங்குவாராக.