ஆணாக மாற்றப்பட்ட யூனியா

புதிய ஏற்பாட்டில் ரோமர் 16-ஆம் அதிகாரத்தை ஆர்வமாகப் படிப்பவர்கள் குறைவு. இவரை வாழ்த்துங்கள், அவரை வாழ்த்துங்கள் என்று வெறும் பெயர்ப்பட்டியல்தானே! ஆனால் 7-ஆம் வசனத்தில் ஒரு பெரிய சண்டையே ஒளிந்திருக்கிறது.

அன்றோனீக்கு, யூனியா என்ற இருவரை அப்போஸ்தலரிடையே சிறந்தவர்கள் என்று பவுல் பாராட்டுகிறார். இந்த யூனியா ஆணா, பெண்ணா?

கிரேக்கத்தில் இருப்பது 'யூனியான்'. நம் 'யூனியாவை' மாதிரி இரண்டாம் வேற்றுமை. இடையில் வரும் 'இ' எழுத்தின் மேல் ஒலிக்குறி போட்டால் யூனியா என்ற பெண். கடைசி 'ஆ'வின் மேல் வேறொரு குறி போட்டால் யூனியாஸ் என்ற ஆண். வேடிக்கை என்னவென்றால், பவுல் கடிதம் எழுதிய காலத்தில் இந்தக் குறிகளை எழுதும் வழக்கமே இல்லை. எல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்டது!

யூனியா ரோமில் சர்வசாதாரணமான பெண் பெயர். பழங்கால ரோமில் 200 தடவைக்கு மேல் கிடைக்கிறது. யூனியாஸ் என்ற ஆண் பெயருக்கு ஒரு சான்றும் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம், கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், இவளை அப்போஸ்தலர் என்றே மெச்சிப் பிரசங்கித்தார். (பெண்கள் பற்றி அவர் மற்ற இடங்களில் பேசியதைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம்தான்.)

அப்படியும் 1522-ல் லூத்தர் ஆணாக்கினார். 1927-ல் நெஸ்ட்லேயின் கிரேக்கப் பதிப்பும் குறியை மாற்றிவிட்டது. பெண் எப்படி அப்போஸ்தலராக இருக்க முடியும் என்ற முன்முடிவைத் தவிர இதற்கு உருப்படியான காரணம் தெரியவில்லை. 1998-ல்தான் அந்தப் பதிப்பில் யூனியா மறுபடி பெண்ணானாள்.

சண்டை முடிந்ததா? இல்லை. இப்போது 'என்' என்ற குட்டி முன்னிடைச்சொல்லின் மேல் விழுந்திருக்கிறார்கள். 'அப்போஸ்தலருக்குள் சிறந்தவர்' அல்ல, 'அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்' என்பது வாதம். 2001-ல் வந்த இ.எஸ்.வி. ஆங்கில பைபிள் இப்படித்தான் மொழிபெயர்க்கிறது. இலக்கணப்படி முடியவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த கிறிசோஸ்தோமுக்குத் தோன்றாத அர்த்தம் இது. பெண் என்பதை மறுக்க முடியாமல் போனபின் இதற்கு இத்தனை மவுசு வந்ததும் இடிக்கிறது.

இன்னொன்று. கி.பி. 200-ஐ ஒட்டிய ஒரு பாப்பிரஸ் பிரதியில் இந்த இடத்தில் யூனியா இல்லை, 'யூலியா' இருக்கிறது. நகலெடுத்தவரின் கை தவறியிருக்கலாம். ஆனால் தவறிய கையும் ஒரு பெண் பெயரைத்தான் எழுதியிருக்கிறது.