பீப்... பீப்... பீப்...

பி.காம். படித்தவனுக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எதையும் இரண்டு இடத்தில் எழுது! இந்தப் பக்கம் டெபிட், அந்தப் பக்கம் கிரெடிட். பில் புக்கில் மேலே ஒரிஜினல், கீழே கார்பன் வைத்த டூப்ளிகேட். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று சாட்சி சொல்லும்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இதே புத்திதான். 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்று மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். யானை விலையில் ஒரே ஒரு பெரிய டிஸ்க் வாங்குவதற்குப் பதில், மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாகக் கட்டி வேலை வாங்கினால் என்ன என்று கேட்டார்கள். அந்தக் கூட்டணிக்கு 'ரெய்டு' என்று பெயர். (வருமான வரி ரெய்டு இல்லை. அதிலும் டிஸ்க்கைத்தான் முதலில் தூக்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.) அந்தப் பெயரில் உள்ள 'ஐ' எழுத்துக்கு முதலில் 'மலிவான' என்று அர்த்தம். பிற்பாடு 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரிலேயே மலிவு என்று போட்டுவிட்டு எப்படி விலை சொல்வது?

இதில் பல ரகம் உண்டு. நமக்கு வேண்டியது ரெய்டு ஒன்று. கண்ணாடி! ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் பக்கத்து டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று மண்டையைப் போட்டால் மற்றது வண்டியை ஓட்டும். ரெய்டு ஜீரோ என்று இன்னொன்று இருக்கிறது. வேகம் அதிகம். ஒன்று போனால் மொத்தமும் போச்சு. கையில் மிஞ்சுவது அதன் பெயரில் இருக்கும் நம்பர்தான்.

கண்ணாடியை நம்பி நிம்மதியாக இருந்தவர் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர். மயிலாப்பூரில் ஆபீஸ். மூலையில் பிள்ளையார் காலண்டருக்குக் கீழே நாலு டிஸ்க் போடக்கூடிய ஒரு கறுப்புப் பெட்டி. அதில் இரண்டே இரண்டு டிஸ்க், தலா 2 டெராபைட். 2018-ல் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. அதற்குள் அரிசி மில், ஜவுளிக்கடை, இரண்டு நர்சிங் ஹோம், எண்ணற்ற சம்பளக்காரர்களின் ஜாதகம்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் அந்தப் பெட்டி 'பீப்... பீப்...' என்று கத்த ஆரம்பித்தது. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் கெடு. அந்த மாதம் ஆடிட்டர் ஆபீசில் பெற்ற பிள்ளை கத்தினால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆர்ட்டிகிள்ஷிப் பையன் ஒருவன் சத்தம் வரும் ஓட்டையில் பஞ்சை வைத்து அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான். சத்தம் நின்றது. 'கெட்டிக்காரன்' என்று மானேஜர் பாராட்டினார்.

நாலு நாள் கழித்து நான் என் ரிட்டர்ன் விஷயமாகப் போனபோது, ஹார்ட்வேர் தம்பி பிரின்டருக்காக வந்திருந்தான். அவன் கண்ணில்தான் பிளாஸ்திரி பட்டது.

"சார், இது எப்பலேர்ந்து?"

"என்ன, ஒரு டிஸ்க் போயிருக்குமா? பரவாயில்லப்பா. அதான் இன்னொண்ணு இருக்கே!"

"இருக்கு சார். அதுவும் போயிடுச்சுன்னா நீங்களும் நானும்தான் இருப்போம்."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (மூக்குக் கண்ணாடி.)

தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுற்றும் தட்டு. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். செய்த முதல் டிஸ்க் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், எடை ஒரு டன் என்று ஒரு ரூமையே அடைத்துக்கொண்டு 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்திருந்தது. இன்றைக்கு உள்ளங்கையில் டெராபைட் டெராபைட்டாக அடைக்கிறோம். ஆனால் சுற்றுவது சுற்றுவதுதான். தேய்வது தேய்வதுதான். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், ஒரே வேலையைச் செய்த இரண்டு டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரிடையர் ஆவதில் ஆச்சரியம் இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடிக்கு இரண்டு டிஸ்க் வாங்கும்போது வேறு வேறு பேட்ச், முடிந்தால் வேறு வேறு கம்பெனி என்று வாங்குவார்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவாயிற்று. மாற்றுகிற கையோடு 4 டெராபைட்டாகப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. ஆடிட்டர் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "ரெண்டுக்கும் 4 டி.பி.யாம்" என்றாராம். மாமியார் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான் என்று. எடுக்கவில்லை. "முதல்ல ஒரு வெளி டிஸ்க் வேணும். எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுத்தான் பெட்டியத் தொடுவேன்" என்றான். ஆடிட்டருக்குக் கோபம். கண்ணாடியே காப்பிதானே, காப்பிக்கு எதற்குக் காப்பி?

இங்கேதான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்தால் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கும் மீசை போய்விடும். ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். கண்ணாடி காப்பாற்றுவது டிஸ்க்கின் சாவிலிருந்து மட்டும்தான். மனிதனின் விரலிலிருந்து அல்ல.

1998-ல் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படம் வளர்ந்துகொண்டிருந்தபோது யாரோ ஒரு தவறான கட்டளையைத் தட்டிவிட, பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைய ஆரம்பித்தன. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற அம்மையார். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு காப்பியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி காரில் வைத்து எடுத்து வந்தார்கள். 1999-ல் படம் வெளிவந்தது. இதில் கண்ணாடிக்கு ஒரு வேலையும் இல்லை; வேறொரு வீட்டில் இருந்த காப்பிக்குத்தான் வேலை.

நம்ம ஊர் சட்டமும் இதையேதான் சொல்கிறது. கம்பெனிகள் சட்டப்படி 8 நிதியாண்டுக் கணக்கு பத்திரமாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.க்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். 2022-ல் வந்த திருத்தப்படி கம்பெனிகள் கம்ப்யூட்டர் கணக்குக்குத் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதை எடுத்துச் சொல்லி ஃபீஸ் வாங்குகிறவர் யார் என்று பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி முடிந்தது. அதிலிருந்து பத்து ஃபைலைத் திறந்தும் பார்த்தான் தம்பி. திறக்காத காப்பியை நம்பக் கூடாதாம். அடுத்து, எந்த டிஸ்க் செத்தது? பெட்டி 'இரண்டாவது' என்கிறது. இடமிருந்து இரண்டாவதா, மேலிருந்து இரண்டாவதா? சில பெட்டிகள் ஜீரோவிலிருந்து எண்ணும் ஜாதி! உயிரோடு இருப்பதை உருவிவிட்டால் கதை கந்தல். தம்பி, பெட்டியின் திரையில் தெரிந்த சீரியல் நம்பரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தான். ஆபரேஷனுக்கு முன் எந்தக் கால் என்று மார்க் போடுகிறார்களே, அந்த மாதிரி.

புது டிஸ்க் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட். இதில் ஒரு நுணுக்கம். பழசைவிடப் பெரிசாக வாங்கலாம். ஒரு செக்டார் சின்னதாக இருந்தாலும் கண்ணாடி சேர்த்துக்கொள்ளாது. இன்னொன்று, எஸ்.எம்.ஆர். என்று ஒரு ரகம் உண்டு. ஓட்டுக்கூரை மாதிரி தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதும். மணிக்கணக்கில் விடாமல் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். 2020-ல் ஒரு பெரிய கம்பெனி, இந்த மாதிரிப் பெட்டிகளுக்கென்றே விற்ற டிஸ்க்குகளில் இதைச் சொல்லாமல் வைத்திருந்தது அம்பலமாகி உலகமே திட்டியது. அதனால் தம்பி கடைக்காரரிடம் "சி.எம்.ஆர்.தானே அண்ணே?" என்று மூன்று முறை கேட்டான். நாலாவது முறை கேட்டபோது அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டிவிட்டார்.

செத்ததை உருவி, புதுசைச் சொருகி, 'கட்டு' என்றதும் பெட்டி வேலையைத் தொடங்கியது. எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் 7 மணி. விநாடிக்கு 150 மெகாபைட் ஓடினாலும் 2 டெராபைட்டுக்கு மூணே முக்கால் மணி நேரம். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் நிஜத்தில் இன்னும் ஜாஸ்தி. கண்ணாடியின் வாழ்க்கையில் மிக ஆபத்தான நேரம் இதுதான். மிச்சமிருக்கும் ஒரே கிழட்டு டிஸ்க்கை, வருஷக்கணக்கில் தொடாத மூலை முடுக்கெல்லாம் சேர்த்து, தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் படிக்கச் சொல்கிறோம். சாதாரண டிஸ்க்குகளுக்குக் கம்பெனியே போட்டிருக்கும் கணக்கு என்ன தெரியுமா? சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு இடத்தில் படிக்க முடியாமல் போகலாம்.

63 சதவிகிதத்தில் நின்றது.

பெட்டிக்குள் 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம். ஆடிட்டர் வாயில் சுலோகம். தம்பி யு.பி.எஸ். லைட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், எதையும் தொடவில்லை. அந்த நேரத்தில் ஸ்விட்சை அணைத்துப் போடலாமா என்று கேட்டவரை நான் பெயர் சொல்லப் போவதில்லை. மானேஜர் பதவியில் இருக்கிறார். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் தானே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ரெண்டு நிமிஷம் போல ஆனது. 63, 64 ஆயிற்று. அப்புறம்தான் மூன்று பேருக்கும் பசி தெரிந்தது. நடுராத்திரி தாண்டி 100.

மறுநாள் இரண்டாவது புது டிஸ்க். பழசை உருவிவிட்டுச் சொருகினால், மறுபடி சில மணி நேரம் ஒற்றைக்கால் தவம். பெட்டியில் இடம் காலி இருந்ததால் தம்பி அதைச் செய்யவில்லை. புதுசை மூன்றாவது ஆளாகச் சேர்த்து, மூன்று பேர் கண்ணாடியாக்கி, அது முடிந்த பிறகு கிழட்டு டிஸ்க்குக்குப் பிரிவு உபசாரம் நடத்தினான். ஒரு நிமிஷம்கூட இரண்டு காப்பிக்குக் குறையவில்லை. எனக்கு மொத்தக் கதையிலும் பிடித்த காட்சி இதுதான். பெட்டியில் இடம் இருந்தும் இதைச் செய்யாமல் பழசைப் பிடுங்குபவர்கள்தான் அதிகம்.

எல்லாம் முடிந்து ஆடிட்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். அலறினார்.

"என்னப்பா, இன்னமும் ரெண்டு டெராபைட்டுதான் காட்டுது! கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

பக்கத்து மனையை வாங்கிவிட்டோம். காம்பவுண்ட் சுவரை இடிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று சுவர் இருக்கிறது: டிஸ்க்கில் போட்ட பார்ட்டிஷன், அதற்கு மேல் கண்ணாடி, அதற்கு மேல் ஃபைல் சிஸ்டம். இரண்டு டிஸ்க்கும் பெரிசான பிறகு இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பெரிசாக்க வேண்டும். சில பெட்டிகள் தானே செய்துகொள்ளும். சிலவற்றில் ஒரு பட்டன். லினக்ஸ் போட்டவர்கள் கையால் கட்டளை தட்ட வேண்டும். பழைய காலப் பார்ட்டிஷன் முறையில் 2.2 டெராபைட்டுக்கு மேல் கணக்கே தெரியாது, ஜி.பி.டி. என்ற புது முறை வேண்டும். தம்பி அதை ஆரம்பத்திலேயே பார்த்துத்தான் போட்டிருந்தான். பத்து நிமிஷத்தில் சுவர்கள் இடிந்தன. ஆடிட்டர் முகத்தில் 4.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு புது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு பெட்டியை ஆன் செய்தான், எழுந்தது. அதைத் திரும்பச் சேர்த்து, கண்ணாடி மறுபடி நூறு சதவிகிதம் ஒத்துப்போகும் வரை காத்திருந்து, அப்புறம் மற்றதைக் கழற்றிப் பார்த்தான். ஃபைலெல்லாம் இருந்தும், ஆன் ஆகும்போது எழுப்பிவிடும் சின்ன புரோகிராம் புது டிஸ்க்கில் இல்லாமல் போனால் பெட்டி கும்பகர்ணன் ஆகிவிடுமாம்.

ரிப்போர்ட்டெல்லாம் 29-ம் தேதியே போய்ச் சேர்ந்தது. உயிரோடு ஓய்வு பெற்ற டிஸ்க்கில் தேதி எழுதி, 'திரும்பப் பெட்டியில் போடாதே' என்று சிவப்பு மையில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்கள். காப்பி எடுத்த வெளி டிஸ்க் ஆடிட்டர் வீட்டு அலமாரியில். வெள்ளிக்கிழமை தோறும் ஆபீஸ் வந்து போகிறது. செத்த டிஸ்க்கை மானேஜர் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தார். அதில் எத்தனை பேருடைய பான் நம்பர், பாங்க் ஸ்டேட்மென்ட் என்று தம்பி கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார். இப்போது டிரில்லிங் மெஷின் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.