நரம்பு அறுந்த பிறகு



வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் மதுரைக்காரர்களுக்கு வீட்டில் கால் தங்காது. பாலத்துச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம், தூண்டிலோடு இறங்க ஒரு கூட்டம். நான் வேடிக்கை பார்க்கிற வகை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விரகனூர் மதகணைப் பக்கம் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலரிடம் மைதா உருண்டை, சிலரிடம் சிரட்டையில் மண்புழு. மாட்டியதெல்லாம் ஜிலேபி மீன்தான். நாட்டுக் கெண்டை ஒன்று வந்தபோது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கயலைக் கொடியில் வைத்த பாண்டியனின் ஊரில் கெண்டைக்கு வந்த நிலை இது.

கரையோரக் கருவேல மரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்தபடி இருந்தது. முங்கி எழுந்தபின் சிறகைக் காயவைப்பது அதன் வழக்கம்தானே என்று ரசித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஆகியும் அது தலையைத் திருப்பவில்லை. கிட்டப் போனபின்தான் தெரிந்தது, அது உட்கார்ந்திருக்கவில்லை; தொங்கிக்கொண்டிருந்தது. சிறகில் தூண்டில் முள், முள்ளிலிருந்து கிளை வரைக்கும் கண்ணுக்கே தெரியாத தங்கூசி நரம்பு. செத்து ஓரிரு நாள் ஆகியிருக்கும்.

தூண்டில்காரர் யாரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. முள் பாறையிடுக்கிலோ ஆகாயத்தாமரை வேரிலோ மாட்டும். இழுத்துப் பார்ப்பார்கள், வராது, அறுத்துவிடுவார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். சிக்கு விழுந்த நரம்பைப் பிரிக்கப் பொறுமையில்லாமல் முள்ளோடு சுருட்டிக் கரையில் வீசிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. துணி துவைக்க இறங்குகிறவர்களின் காலுக்கும் குளிக்க வரும் பிள்ளைகளின் காலுக்கும் அந்த முள் காத்திருக்கிறது. முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் ஒரு சின்ன முள் உண்டல்லவா? உள்ளே போவது சுலபம், வெளியே எடுக்கச் சதையைக் கிழிக்க வேண்டும். மேயும் மாடு புல்லோடு சேர்த்து விழுங்கிவிட்டால் அதற்குச் சொல்லவும் வாய் கிடையாது.

முன்பெல்லாம் எருக்கம் நாரிலும் பருத்தி நூலிலும் தூண்டில் கயிறு திரித்தார்கள். தக்கைக்கு மயிலிறகின் தண்டோ சோளத்தட்டையோ போதும். அறுந்து போனால் ஆற்றோடு மட்கிப் போகும். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1938-இல் அறிவித்த நைலான்தான் கதையை மாற்றியது. தண்ணீரில் தெரியக் கூடாது, எளிதில் அறக் கூடாது, ஊறி இற்றுப்போகக் கூடாது என்பதுதானே நல்ல நரம்புக்கு இலக்கணம்! மீனின் கண்ணுக்குத் தப்புவது பறவையின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்து வாசகர்களுக்கு மீன்பிடித் திருவிழாவை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாசனம் முடிந்து, கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஊர் கூடி நாள் குறிக்கும். சுற்றுப்பட்டி சனமெல்லாம் விடிவதற்குள் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் பார்க்க வேண்டுமே, ஊத்தா, கச்சா, தூரி, வலை என்று கையில் உள்ளதோடு ஒரே பாய்ச்சல்! பிடித்த மீனை விற்பதில்லை. குழம்பு வைத்து உறவுக்காரர்களுக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். மூங்கிலில் முடைந்த ஊத்தாவை யாரும் கண்மாயில் விட்டுவிட்டுப் போவதில்லை. ஒடிந்து கிடந்தாலும் அது மூங்கில்தானே.

அங்கே எப்போது இறங்குவது, எதைக் கொண்டு பிடிப்பது என்பதற்கெல்லாம் ஊரின் கண் காவல். ஆற்றங்கரையில் தனியாக உட்காரும் தூண்டில்காரருக்குத் துண்டு வீச யார் இருக்கிறார்கள்? வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றம் என்கிறது. அதில் நைலான் நரம்பைத் தேடிப் பயனில்லை. அப்போது நைலானே பிறக்கவில்லை.

சட்டத்தால் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்து ஆறுகளில் அன்னங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுதான் காரணம் என்று தெரிந்தது. பறவைகள் இரையை அரைக்கப் பொடிக்கல்லை விழுங்கும். கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கியிருக்கின்றன. 1987-இல் சிறு ஈயக்குண்டுகளை விற்கவே தடை போட்டார்கள், அன்னங்கள் மீண்டும் பெருகின. அந்தக் கணக்கில், ஈயம் வாங்கக் காசில்லாமல் பழைய சைக்கிள் நட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்த பையன்தான் அன்றைக்கு விரகனூரில் இருந்த ஆகச் சிறந்த தூண்டில்காரன்.

கங்கையில் எறியப்பட்ட மீன்பிடிக் கருவிகளைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. கங்கை ஓங்கிலும் அருகிவரும் ஆற்று ஆமைகளும் அவற்றில் சிக்கும் அபாயத்தில் இருப்பதாக அது சொன்னது. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பழைய வலையைக் கொண்டுபோய்ப் போட முறையான இடமில்லை என்பதையும் அந்த ஆய்வு கண்டிருக்கிறது.

நீர்க்காகத்தை மரத்திலிருந்து இறக்க இரண்டு இளைஞர்கள் உதவினார்கள். அவர்களும் தூண்டில்காரர்கள்தான். முள்ளைக் கழற்றி, கிளையில் சுற்றியிருந்த நரம்பை ஒருவன் பல்லால் கடித்து அறுத்தான். சேர்த்துச் சுருட்டியபோது உள்ளங்கை நிறைந்தது.

“இத எங்கண்ணே போடுறது?” என்று கேட்டான்.

சுற்றிலும் பார்த்தோம். குப்பைத்தொட்டி எதுவும் கண்ணில் படவில்லை. “குடு தம்பி” என்று வாங்கித் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்படியே தொட்டியில் போட்டால் குப்பையைக் கிளறும் காக்கை காலில் சுற்றிக்கொள்ளும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் விரற்கடை நீளத்துக்கு நறுக்கினேன். அரைமணி நேரம் ஆனது. முள் மட்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பா ஒன்றில் கிடக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்